சதுர அடி ரேட்டும் உப்புக் காற்றும்

ஃபீனிக்ஸ் பே பக்கம் வீடு கட்டித் தரும் குடும்பங்களைத் தேடி வருகிறவர் முதலில் கேட்பது ஒன்றைத்தான்: "சதுர அடி என்ன ரேட்?" மதுரையிலும் திருச்சியிலும் கேட்கிற அதே கேள்வி. ஊர்தான் வேறு. ஜன்னலைத் திறந்தால் துறைமுகம். சுவரில் கை வைத்தால் உப்பின் பிசுபிசுப்பு. ஆண்டில் ஏறக்குறைய எட்டு மாதம் மழை. காலடியில் கடுமையான நிலநடுக்க மண்டலம். இங்கே அந்தக் கேள்விக்கு ஒற்றை எண்ணில் பதில் சொன்னால், வீட்டின் ஆயுளை முடிவு செய்யும் சமாசாரங்கள் எல்லாம் அந்த எண்ணுக்குள் காணாமல் போய்விடும்.

போர்ட் பிளேருக்கு 2024 செப்டம்பரில் மத்திய அரசு ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றியது. பேச்சில் இன்னும் போர்ட் பிளேர்தான். ஃபீனிக்ஸ் பே அந்த நகரில் துறைமுகத்தைப் பார்த்தபடி இருக்கும் பகுதி. ஹேவ்லாக், நீல், ரங்கத், நிகோபார் என்று மற்றத் தீவுகளுக்குப் போகும் அரசுப் படகுகளில் பலவும் இந்தப் படகுத்துறையிலிருந்துதான் கிளம்புகின்றன. பக்கத்திலேயே கப்பல் பழுதுபார்க்கும் மரைன் டாக்யார்டு. கடல் இரும்பை என்ன செய்யும் என்று அங்கே வேலை பார்ப்பவர்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. கப்பலுக்கு ஒரு கால அட்டவணை உண்டு. அது கரையேறும், துரு சுரண்டப்படும், புதுப் பெயின்ட் ஏறும். அதே காற்றில் நிற்கிற வீட்டுக்கு அப்படி ஒரு அட்டவணை கிடையாது. கான்கிரீட்டுக்குள் புதைந்த கம்பியை யாரும் சுரண்டிப் பெயின்ட் அடிக்கவும் முடியாது. அதற்கான பாதுகாப்பை, கான்கிரீட் ஊற்றும் அந்த ஒரு நாளிலேயே கொடுத்துவிட வேண்டும்.

அந்த நாளில் பக்கத்தில் நிற்பவர் யார் என்பதுதான் இந்தக் கட்டுரையின் அக்கறை. பெரும்பாலான வீடுகளில் அங்கே நிற்பது ஒரு சின்னக் குடும்பம். அப்பா மேஸ்திரியாகத் தொடங்கி லேபர் கான்ட்ராக்ட் எடுத்தவர். அம்மா கூலிக் கணக்கு எழுதுகிறார். பிள்ளை டிப்ளமோ சிவில் படித்திருக்கலாம், படிக்காமல் சைட்டிலேயே தொழில் கற்றிருக்கலாம். 2011 கணக்கெடுப்பின்படி தீவுகளின் மக்கள்தொகை 3.81 லட்சம். அதில் ஏறக்குறைய 15 சதவீதத்தினருக்குத் தாய்மொழி தமிழ். ஆனால் சைட்டில் பேச்சு இந்திதான். கம்பி கட்டுகிறவர் வங்காளி, கலவை போடுகிறவர் ராஞ்சிக்காரர், மேஸ்திரி தமிழர் என்றால் மூவருக்கும் பொதுவான மொழி அதுவே. எழுத்தில் இருக்கிற கட்டுமான விதிகளோ பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கின்றன.

அந்த விதி என்ன சொல்கிறது? கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐஎஸ் 456, 2000-ஆம் ஆண்டுப் பதிப்பு. கடலோரச் சூழலுக்கு நேரடியாக ஆட்படும் கான்கிரீட்டை அது 'கடுமையான' சூழல் என்று வகைப்படுத்துகிறது. அங்கே கம்பியை மூடும் கான்கிரீட்டின் தடிமன் 45 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். கடல்நீர் நேரடியாகத் தெறிக்கிற இடத்தில் 50. உள்நாட்டில், சாதாரணச் சூழலில் 20 போதும். அந்த 25 மில்லிமீட்டர் வித்தியாசம் ஒரு விரல் அகலத்தைவிடச் சற்றுக் கூடுதல், அவ்வளவுதான். ஆனால் கடலோர வீட்டின் வயது அந்த இடைவெளியில்தான் இருக்கிறது.

நல்ல கான்கிரீட்டின் காரத்தன்மையில் கம்பியின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு படலம் உண்டாகும். அது இருக்கும்வரை கம்பி துருப்பிடிக்காது. காற்றில் வரும் உப்பின் குளோரைடு கான்கிரீட்டின் நுண்துளைகள் வழியே மெல்ல உள்ளே இறங்கிக் கம்பியைத் தொட்டதும் அந்தப் படலம் உடைகிறது. பிறகு துரு. துரு இரும்பைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் இடம் அடைப்பது. உள்ளிருந்தே கான்கிரீட்டைப் பிளக்கிறது. முதலில் கம்பி ஓடும் வழியே கோடு போல விரிசல், பிறகு பழுப்புக் கறை, கடைசியில் சன்ஷேட்டின் அடிப்பக்கம் சில்லுச் சில்லாகப் பெயர்ந்து கீழே விழும். குளோரைடு கடக்க வேண்டிய தூரம் 20 மில்லிமீட்டரா 45 மில்லிமீட்டரா என்பதைப் பொறுத்து அந்த நாள் விரைவில் வரும், அல்லது ஒரு தலைமுறை தள்ளிப்போகும்.

சைட்டில் நடப்பது வேறு. கம்பியைத் தூக்கிப் பிடிக்க அளவான கவர் பிளாக் வைப்பதற்குப் பதிலாகக் கருங்கல் சில்லையோ உடைந்த டைல்ஸ் துண்டையோ சொருகுவார்கள். கான்கிரீட் கொட்டும்போது ஆள் ஏறி மிதிக்க, சில்லு நழுவும், கம்பி பலகையில் படுத்துவிடும். சென்ட்ரிங் பிரித்த மறுநாளே கம்பியின் வரிகள் கீழே தெரியும். பூச்சு வேலை அதை மறைத்துவிடும். வீட்டுக்காரர் பார்ப்பது வழவழப்பான சுவரைத்தான். கவர் பிளாக் கட்டுமானச் செலவில் மிகச் சிறிய அயிட்டம். அதைச் செய்யாமல் விடுவது ஏமாற்று எண்ணத்தால் என்று சொல்வது நியாயமாகாது. சதுர அடி ரேட்டில் போட்டி போடும்போது, வீட்டுக்காரர் கேட்காத, கண்ணில் படாத ஒன்றுக்கு யாரும் காசு ஒதுக்குவதில்லை.

கம்பியைக் காக்கும் செலவு எவ்வளவு பெரிய செலவைத் தவிர்க்கும் என்பதற்குத் தமிழகத்திலேயே சாட்சி இருக்கிறது. 1914-இல் திறக்கப்பட்ட பாம்பன் ரயில் பாலத்தில் அரிப்பு முற்றியதால் 2022 டிசம்பரில் ரயில் போக்குவரத்து நின்றது. 2025 ஏப்ரல் 6 அன்று திறக்கப்பட்ட புதிய பாலத்தில் துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளும், கடற்காற்றைத் தாங்கும் சிறப்புப் பூச்சும் பயன்படுத்தப்பட்டிருக்கின்றன. நூற்றாண்டு அனுபவம் ரயில்வேக்குச் சொல்லிக்கொடுத்த பாடம் அது. அதே பாடத்தை ஆய்வுக்கூடத்தில் வைத்துப் படிக்கும் நிறுவனமும் பக்கத்திலேயே, காரைக்குடியில் இருக்கிறது. அழகப்பச் செட்டியார் கொடுத்த நிலத்திலும் நன்கொடையிலும் உருவாகி 1953-இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆய்வகம், மண்டபத்தில் கடலோரச் சோதனைக்களம் வைத்து இரும்பின் அரிப்பை ஆராய்ந்து வந்திருக்கிறது. கட்டடக் கம்பிகள் மீது பூசும் சிமெண்ட் சார்ந்த காப்புப் பூச்சுகளையும் அது உருவாக்கியிருக்கிறது. காரைக்குடியின் அறிவு ஃபீனிக்ஸ் பே மேஸ்திரியின் கைக்கு வந்து சேருவதற்கு யார் பொறுப்பு என்றால், அந்த இடத்தில் யார் பெயரும் இல்லை.

மணல் அடுத்த சிக்கல். தீவுகளில் வீடு கட்டியவர்கள் நெடுங்காலம் கடற்கரை மணலைத்தான் எடுத்தார்கள். கடலாமைகள் முட்டையிடும் கரைகள் கரைந்தன, கட்டடத்துக்குள் உப்பும் சேர்ந்தே போனது. கம்பியை நோக்கி உப்பு வெளியிலிருந்து பயணம் போக வேண்டிய அவசியமே அங்கே இல்லை. பிறந்த நாளிலேயே அது உள்ளே இருக்கிறது. உச்ச நீதிமன்றம் நியமித்த சேகர் சிங் ஆணையம் 2002-இல் கொடுத்த அறிக்கையைத் தொடர்ந்து, அதே ஆண்டு மே 7 அன்று நீதிமன்றம் மணல் எடுப்பதை ஆண்டுக்குக் குறைந்தது 20 சதவீதம் குறைத்துக்கொண்டே வந்து, ஐந்து ஆண்டுக்குள் மூன்றில் ஒரு பங்குக்குக் கொண்டுவர உத்தரவிட்டது. தீவுகளின் மரம் வெட்டுதலுக்கும் அதே உத்தரவு கடிவாளம் போட்டது. இரண்டும் தேவையான உத்தரவுகள். கரை அரித்துப்போன பிறகு கரையோரத்தில் யாருக்கு வீடு?

ஆனால் உத்தரவு வந்த நாளிலிருந்து மணலுக்கு மாற்று தேடும் சுமை சின்னக் கட்டுமானக்காரர் தலையில் விழுந்தது. குவாரிக் கல்லை நொறுக்கி எடுக்கும் மணலில் தூள் அதிகம் இருந்தால் கலவை தண்ணீரை அதிகம் குடிக்கும். பழைய கை அளவு சரிப்படாது. கள்ளத்தனமாக வரும் கடல்மணல் எப்போதும் விலை குறைவு. உப்பு மணல் என்ன செய்யும் என்பதைத் தைவான் மக்கள் பட்டு உணர்ந்தார்கள். கழுவாத கடல்மணலில் எழுந்த குடியிருப்புகளுக்கு அங்கே 'கடல்மணல் வீடுகள்' என்றே பெயர். கூரை பெயர்ந்து கம்பி தொங்கும் அந்த வீடுகளை விற்கவும் முடியாமல் வாழவும் முடியாமல் பல குடும்பங்கள் தவித்தன. இலங்கையோ வேறு வழியில் போனது. ஆற்றுமணல் தட்டுப்பாடு வந்தபோது, கொழும்புக்கு வடக்கே முத்துராஜவெலப் பக்கம் கடலடி மணலை எடுத்துக் கரையில் குவித்து, உப்பு நீங்கிய பிறகு விற்கும் ஏற்பாட்டை அரசு நிறுவனமே நடத்தியது. அந்தமானுக்கு அதே வழி பொருந்தும் என்று சொல்ல வரவில்லை. இங்கே பவளப்பாறைகள் இருக்கின்றன. ஆனால் விற்கும் இடத்திலேயே மணலின் உப்பைச் சோதித்துச் சீட்டு கொடுக்கலாம். அதற்குப் பெரிய தொழில்நுட்பம் எதுவும் தேவையில்லை.

மழைக்கணக்கு இன்னும் விசித்திரமானது. சென்னையில் ஆண்டு மழை ஏறக்குறைய 1,400 மில்லிமீட்டர். போர்ட் பிளேரில் 3,000. தென்மேற்குப் பருவமழை கேரளத்தைத் தொடுவதற்கு முன்பே இங்கே வந்துவிடும். அது போனதும் வடகிழக்கு வரும். மண் தோண்டி, கான்கிரீட் போட்டு, கூரை முடிக்க வசதியான காலம் ஜனவரி முதல் ஏப்ரல் வரைதான். நகரத்தில் தண்ணீர்த் தட்டுப்பாடு கடுமையாவதும் அதே மாதங்களில்தான். முக்கிய ஆதாரமான தனிக்காரி அணையில் நீர் இறங்க இறங்கக் குழாயில் தண்ணீர் வரும் நாட்களின் இடைவெளி கூடும். குடிக்கவே முறை வைத்து விடும்போது, போட்ட கான்கிரீட்டுக்கு ஏழு நாள், பத்து நாள் தண்ணீர் காட்டுவது எப்படி? கியூரிங் குறைந்த கான்கிரீட்டின் மேல்தோல் நுண்துளை மிகுந்ததாகிவிடும். உப்புக்கு அதைவிட நல்ல வாசல் கிடையாது. கடல்நீரை அள்ளி ஊற்றுவது அதைவிடக் கேடு. மழைநீரைத் தொட்டியில் பிடித்து வைத்து, நனைத்த சாக்குப் போட்டு மூடுகிற பழைய முறைதான் இங்கே கைகொடுக்கும். தொட்டியை வேலை தொடங்கும் முன்பே, மழைக்காலத்திலேயே கட்ட வேண்டும் என்பதை அனுபவப்பட்ட குடும்பங்கள் அறியும். புதிதாக வந்து சதுர அடி ரேட்டைக் குறைத்துச் சொல்கிறவர் அறியமாட்டார்.

தண்ணீர் குறைவாக இருக்க வேண்டிய இடத்தில் அது அதிகமாகிறது என்பது இன்னொரு துயரம். கடலோரச் சூழலில் சிமெண்ட் எடைக்குத் தண்ணீர் 0.45 பங்குக்கு மேல் போகக்கூடாது என்கிறது விதி. 50 கிலோ மூட்டை ஒன்றுக்கு இருபத்திரண்டரை லிட்டர். மழையில் நனைந்து கிடக்கும் மணலிலும் ஜல்லியிலும் இருக்கிற ஈரமும் இந்தக் கணக்குக்குள் அடக்கம். கலவை ஓடவில்லை என்று மிக்சர் பக்கத்தில் நிற்பவர் ஒரு வாளி சேர்த்து ஊற்றினால், வேலை சுலபமாகும், கான்கிரீட் பஞ்சாகும்.

இதே விதி கடலோரக் கான்கிரீட்டுக்கு எம்30 தரத்தைக் கேட்கிறது. சின்ன மேஸ்திரி அறிந்ததோ சட்டி அளவில் ஒன்றுக்கு ஒன்றரைக்கு மூன்று. அது எம்20. சட்டிக் கணக்கு எம்20 வரைக்கும்தான் செல்லும், அதற்கு மேல் ஆய்வுக்கூடத்தில் கலவையை வடிவமைத்துத்தான் போட வேண்டும் என்று அதே விதி சொல்கிறது. அதாவது, கடலோரத்தில் கான்கிரீட் வீடு கட்டும் ஒவ்வொரு சின்னக் குடும்பமும், தான் கற்ற கணக்கை வைத்து விதியை நிறைவேற்றவே முடியாத நிலையில் இருக்கிறது. குற்றம் மேஸ்திரியுடையதா? அந்தமான் பொதுப்பணித் துறையிடம் பொறியாளர்கள் இருக்கிறார்கள். பஹார்காவ்ன் பகுதியில் டாக்டர் பி.ஆர். அம்பேத்கர் தொழில்நுட்பக் கழகம் இருக்கிறது. அங்கே சிவில் இன்ஜினியரிங் சொல்லித்தருகிறார்கள். உள்ளூர்க் குவாரிக் கல்லுக்கும் நொறுக்கு மணலுக்கும் ஏற்ற எம்30 கலவையை வடிவமைத்து, மூட்டைக்கு இத்தனை கிலோ மணல், இத்தனை கிலோ ஜல்லி, இத்தனை லிட்டர் தண்ணீர் என்று இந்தியிலும் தமிழிலும் வங்காளத்திலும் ஒரே ஒரு தாளில் அச்சிட்டு, சிமெண்ட் கடைகளில் ஒட்டுவது ஒரு பருவத்தில் முடியக்கூடிய வேலை.

பிறகு பூமி. 1881 டிசம்பர் 31-இல் கார் நிகோபார் அருகே பெரும் நிலநடுக்கம். 1941 ஜூன் 26 அன்று அந்தமானை உலுக்கிய நிலநடுக்கம் செல்லுலார் சிறையையும் சேதப்படுத்தியது. 2002 செப்டம்பர் 14-இல் திக்லிபூர் பக்கம் 6.5 அளவில் ஒன்று. 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை 6.28-க்கு வந்ததைப் பற்றித் தமிழர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் ஒரு செய்தி பலருக்குத் தெரியாது. அன்று அலை வந்து திரும்பியதோடு முடியவில்லை. போர்ட் பிளேர் நிலமே ஏறக்குறைய ஒரு மீட்டர் தாழ்ந்தது. நகருக்கு வெளியே சிப்பிகாட்டில் வயல்கள் நிரந்தரமாக உப்புநீருக்குள் போயின. வடக்கு அந்தமானில் கரை மேலே எழும்பியது. கிரேட் நிகோபாரின் தென்கோடியில் இந்திரா முனைக் கலங்கரை விளக்கம் நின்ற நிலம் நான்கு மீட்டருக்கும் மேல் இறங்கியது. கடலிலிருந்து இத்தனை மீட்டர் தள்ளிக் கட்டு என்று அளந்து சொல்லும் விதிக்கு, அந்த அளவுகோலின் முனையே நகரக்கூடிய ஊர் இது. அப்படியிருக்க, கரையோரக் கட்டுமானம் பற்றிய 2011 அறிவிக்கை எல்லாத் தீவுகளுக்கும் 200 மீட்டர் தடை எல்லை வைத்திருந்ததை, 2019 அறிவிக்கை பெரிய தீவுகளில் 50 மீட்டராகவும், ஹேவ்லாக், பாராடாங் போன்றவற்றில் 20 மீட்டராகவும் சுருக்கியது. சுற்றுலாவுக்கு அது உதவலாம். நீரோரத்துக்கு அவ்வளவு அருகில் கட்டித் தரச் சொல்லி வரும் வேலையை ஏற்கிற சின்னக் கான்ட்ராக்டர், கூடுதல் உப்பையும் கூடுதல் ஆபத்தையும் சேர்த்தே ஏற்கிறார். ரேட் மட்டும் அதே ரேட்.

2002 நிலநடுக்கத்துக்குப் பிறகு கான்பூர் ஐஐடியின் சி.வி.ஆர். மூர்த்தி, துர்கேஷ் ராய் ஆகியோர் இங்கே வந்து கட்டடங்களை ஆய்வு செய்தார்கள். பழைய பாணி மரச்சட்ட வீடுகள் நன்றாகத் தாங்கின. அவசரமாகக் கட்டிய கான்கிரீட் கட்டடங்கள்தான் அடி வாங்கின. 1883-இல் தொடங்கிய சாத்தம் மர ஆலையில் அறுத்த பலகையில், தகரக் கூரையோடு குடியேறியவர்கள் கட்டிய வீடுகள் ஆடின, நின்றன. இன்று அந்த மரம் அதே அளவில் கிடைக்காது, கிடைக்கவும் கூடாது. ஆகவே கான்கிரீட்டை மரம்போல ஆடவைக்கக் கற்க வேண்டும். அதன் ரகசியம் தூணில் சுற்றும் ரிங் கம்பியின் முனையில் இருக்கிறது. முனையை 90 பாகையில் மடித்தால், பூமி ஆடும்போது மேல்தோல் பெயர, ரிங் திறந்துகொள்ளும், உள்ளே நிற்கும் கம்பிகள் பிதுங்கும். 135 பாகையில் மடித்து முனையைத் தூணின் வயிற்றுக்குள் சொருகினால் திறக்காது. ஐஎஸ் 13920 விதி கேட்பது அதைத்தான். ஒரு ரிங்குக்குச் சில சென்டிமீட்டர் கூடுதல் கம்பி, வளைப்பவர் கைக்கு ஒரு முறுக்கு கூடுதல் வேலை. நூற்றுக்கணக்கான ரிங்குகளை ஒரு நாளில் வளைக்கிறவருக்கு அந்த முறுக்கு பெரிய சுமைதான். எண்ணிக்கைக்குக் கூலி கொடுக்கும்வரை அது 90-லேயே நிற்கும்.

உள்ளூர்க் கைகளை ஒதுக்கிவிட்டுக் கட்டினால் என்ன ஆகும் என்பதையும் சுனாமிக்குப் பிந்தைய நிகோபார் காட்டியது. கார் நிகோபார் மக்களின் பழைய வீடு, கால்கள் மேல் நிற்கும் தேன்கூடு போன்ற வட்டக்குடில். தரைக்கும் வீட்டுக்கும் நடுவில் காற்று ஓடும், ஏணி வைத்து ஏற வேண்டும். அந்தத் தொழிலைப் பரம்பரையாக அறிந்த சமூகம் கருவிகள் கேட்டது. கிடைத்தது முதலில் தகரக் கொட்டகை. நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்து வெயிலில் தகரத்துக்குள் பகலில் உட்காரவே முடியவில்லை என்ற முறையீடுகள் பதிவாகியிருக்கின்றன. பிறகு வந்த நிரந்தர வீடுகளுக்குப் பொருளும் திட்டமும் பெரும்பாலும் கப்பலில் வந்தன. குடியிருக்கப் போகிறவர்கள் பார்வையாளர்கள் ஆனார்கள். பழுது பார்க்கத் தெரிந்த கை ஊரில் இல்லாவிட்டால் எந்த வீடும் இரவல் வீடுதான்.

ஃபீனிக்ஸ் பே குடும்பத் தொழிலின் பலம் அதற்கு நேர் எதிரானது. தீவில் கட்டிக் கொடுத்தவர் ஓடி ஒளிய முடியாது. அவர் கட்டிய வீட்டுக்காரரைச் சந்தையில் பார்ப்பார், கோயிலில் பார்ப்பார், படகு டிக்கெட் வரிசையில் பார்ப்பார். அந்தக் கூச்சமும் பெயரும்தான் அவருடைய முதல். வங்கியில் காட்ட முடியாத முதல். பணம் வருவது தவணையில்: அஸ்திவாரம், பேஸ்மெண்ட், லிண்டல், கூரை, பூச்சு. சம்பளம் போவது வாரத்துக்கு வாரம். சிமெண்டும் கம்பியும் பிரதான நிலத்திலிருந்து கப்பலில் வர வேண்டும். புயல் சின்னம் உருவாகிக் கப்பல் தாமதித்தாலும் ஆட்களைக் கலைக்க முடியாது, கலைத்தால் திரும்பி வரமாட்டார்கள். இரண்டு தவணைக்கு நடுவிலான அந்தப் பள்ளத்தைப் பல வீடுகளில் மூடுவது மனைவியின் நகை. ஈரக்காற்றில் மூன்று மாதம் அடுக்கில் கிடந்த சிமெண்ட் வலு இழந்திருக்கும். அதைக் கழித்துப் புது மூட்டை வாங்கும் துணிவு, கையில் காசு இருக்கிறவருக்குத்தான் வரும். ஆகவே கடன் வசதி என்பது இங்கே கட்டடப் பாதுகாப்பு சம்பந்தப்பட்ட விஷயம். 2025 செப்டம்பர் 22 முதல் சிமெண்ட் மீதான ஜிஎஸ்டி 28-இலிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது நல்லது. மிச்சமான அந்தத் தொகை கவர் பிளாக்குக்கும் ரிங்குக்கும் போகிறதா, மொத்த ரேட்டை இன்னும் கீழே இழுக்கிறதா என்பது ஒப்பந்தம் எழுதும் முறையைப் பொறுத்தது.

ஒப்பந்தம் என்றாலே பலருக்கு ரெரா என்ற ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் நினைவுக்கு வரும். அந்தமானுக்கும் சேர்த்து அந்த அதிகாரம் தமிழ்நாடு ரெராவிடம்தான் இருக்கிறது. ஆனால் சொந்த மனையில் சொந்த வீடு கட்டக் கான்ட்ராக்ட் விடுவது அதன் வரம்புக்குள் வராது. மனையும் அடுக்குமாடியும் விற்கிறவர்களுக்கான சட்டம் அது. இங்கே இரு தரப்பையும் காப்பது அவர்கள் எழுதிக்கொள்ளும் தாள் மட்டுமே. பெரும்பாலும் அந்தத் தாளில் இருப்பது ஒரே வரி: சதுர அடி இவ்வளவு, டைல்ஸ் இன்ன பிராண்டு. கம்பி மறைப்பு எத்தனை மில்லிமீட்டர், ரிங் முனை எத்தனை பாகை, கியூரிங் எத்தனை நாள், தண்ணீர் யார் பொறுப்பு என்ற நான்கு வரிகள் சேர்ந்தால் அந்தத் தாளுக்கு உயிர் வரும். கான்கிரீட் போடும் முன் கம்பிக் கட்டைச் செல்பேசியில் படம் எடுத்து இரு தரப்பும் வைத்துக்கொள்வதும் எளிது. 2020 ஆகஸ்டில் சென்னையிலிருந்து கடலடிக் கண்ணாடி இழைக் கேபிள் வந்த பிறகு, அந்தப் படத்தைச் சென்னையிலோ காரைக்குடியிலோ இருக்கும் ஒரு பொறியாளருக்கு அனுப்பி அன்றைக்கே கருத்துக் கேட்க முடிகிறது. இப்படி எழுதிக் கேட்கிற வீட்டுக்காரர் கூடினால், நேர்மையாகக் கட்டும் குடும்பத்துக்கு ரேட்டைக் குறைக்க வேண்டிய நெருக்கடி குறையும். இன்று அவர்கள் தோற்பது திறமையில் இல்லை, ஒப்பிட முடியாத இரண்டு வேலைகளை ஒரே எண்ணால் ஒப்பிடுவதில்.

நகராட்சிக்கும் ஒரு வேலை இருக்கிறது. வரைபட அனுமதி கொடுப்பதோடு நின்றுவிடாமல், கூரைக் கான்கிரீட்டுக்கு முந்தைய நாள் ஒருவர் வந்து கம்பி மறைப்பையும் ரிங்கையும் அளந்து பார்க்கலாம். அபராதம் போடும் கண்ணோடு வந்தால் கதவு மூடப்படும். சொல்லிக்கொடுக்கும் மனத்தோடு வந்தால் டீ கிடைக்கும். தொழில்நுட்பக் கழகத்தின் கடைசி ஆண்டு மாணவர்களையே இதற்குப் பழக்கலாம். அவர்களில் சிலர் இதே குடும்பங்களின் பிள்ளைகள்தான்.

2021 ஜூன் 24 அன்று அமெரிக்காவின் ஃபுளோரிடா கடற்கரையில், சர்ப்சைடு என்ற ஊரில் 12 மாடிக் குடியிருப்பு ஒன்று நள்ளிரவில் சரிந்து 98 பேர் இறந்தார்கள். 1981-இல் கட்டிய கட்டடம். கான்கிரீட் பழுதடைந்திருப்பதை 2018-லேயே ஒரு பொறியாளர் எழுத்தில் எச்சரித்திருந்தார். அந்த விபத்துக்குப் பிறகுதான் பழைய உயரமான குடியிருப்புகளை வயதுக்கணக்கில் கட்டாயமாகச் சோதிக்கும் சட்டம் அந்த மாநிலம் முழுவதற்கும் வந்தது. போர்ட் பிளேரில் சுனாமிக்குப் பின் எழுந்த வீடுகளுக்கு இப்போது 20 வயது நெருங்குகிறது, சிலவற்றுக்குக் கடந்துவிட்டது. கம்பியை உப்பு எட்டிப்பிடிக்கிற வயது அது. அவற்றில் எதில் மணல் எங்கிருந்து வந்தது, எந்த மூலையில் மழைக்கு நடுவே கான்கிரீட் போட்டார்கள் என்பது கட்டிய குடும்பங்களுக்கு நினைவிருக்கும். சுத்தியலால் மெல்லத் தட்டினால் நல்ல இடம் கணீரென்று ஒலிக்கும், உள்ளே பெயர்ந்த இடம் பொத்தென்று சொல்லும். சன்ஷேட், பால்கனி, கடலைப் பார்த்த தூண் என்று வீடு வீடாகத் தட்டிப் பார்த்து, பொத்தென்ற இடத்தைக் கொத்தி, துருவைச் சுரண்டி, கம்பிக்குக் காப்பிட்டு மூட ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை நான்கு மாதம் இருக்கிறது. மே மாதம் மழை வந்துவிடும்.